கண்ணும் கக்கூசும்

அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்பிச்சி என்போம். தொண்ணூறுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கண்புரை ஆபரேஷனுக்காக அவர் வெள்ளகோவிலிலிருந்து வந்து கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கண்ணில் தையல் போட்டு அனுப்பிய டாக்டர், பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்றதோடு, மலம் கழிக்கும்போது முக்கவும் கூடாது என்றார். நிறையத் தண்ணீர், கீரை, பழம் வேண்டும். காலையில் சாப்பிட்டதும் போய் அவசரப்படாமல் உட்கார வேண்டும்.

கண்ணுக்கும் கக்கூசுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒரே குடைச்சல். மூச்சைப் பிடித்து முக்கிப் பார்வை மாறுகிறதா என்று கண்ணாடி முன் சோதித்தேன். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். அப்பிச்சி உள்ளே போகிற நேரத்தில்தான் எனக்கும் போக வேண்டும், பள்ளிக்கூட வேனும் வரும். கதவைத் தட்டுவேன்.

"அப்பிச்சி, ஆச்சுங்களா? வேன் வந்துருமுங்க."

"வாரேன் கண்ணு. இதா வந்துட்டேன்."

வேலை முடியாமலே வெளியே வந்துவிடுவார். அம்மா கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஆச்சு அம்மணி, ஆச்சு. தெனமும் கலெக்டராட்ட விசாரிக்கறே."

அடிக்கடி போக வேண்டாமே என்று தண்ணீரைக் குறைத்தார், ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாக்கினார். இரண்டும் மலத்தை இன்னும் இறுக்கிவிடும் என்று அவருக்கும் தெரியவில்லை. அவருக்கென்று வைத்த வாழைப்பழத்தை என்னிடம் நீட்டுவார். நானும் தின்றேன்.

ஒரு நாள் வேன் ஹாரன் அடித்துவிட்டது. நான் கதவைக் காலால் உதைத்தேன். உள்ளே அடக்கிய முனகல் ஒன்று கேட்டது. வெளியே வந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை எடுத்தபோது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அம்மா வேனை அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தையல் விட்டுப்போயிருந்தது.

"முக்கினீங்களா, பெரியவரே?" என்றார் டாக்டர்.

அப்பிச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்க. பலமாத் தும்மிப்போட்டனுங்க."

மறுபடி தைத்தும் அந்தக் கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. அம்மா கடைசிவரை தும்மலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். உதைத்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தும்மல் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் டாக்டருக்குப் பயந்து பொய் சொல்கிறாரே என்று, அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.