சிஞ்ஞோராவின் குழாயில் என் எச்சில்

நான் இப்போதுதான் எழுதப் பழகியவன். மெதுவாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

கடலோரத்துக் கால்சாப் பகுதியில் நான் சமைத்துக் கொடுக்கும் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வயதான வீட்டு அம்மாவுக்கு, இன்று ஒரு பெட்டி வந்தது. மிலானோவில் இருக்கும் மகன் அனுப்பியது. உள்ளே ஒரு சின்னக் குழாய். அதில் துப்பி அனுப்பினால், பரம்பரையாக என்னென்ன நோய் வருத்தம் வரக்கூடும் என்று சொல்லிவிடுவார்களாம்.

"கூடாதது ஏதும் வந்தால் மகன் என்னை மிலானோவுக்குக் கொண்டுபோயிடுவான். அங்கை கடலும் இல்லை, நீயும் இல்லை" என்றார்.

"அப்ப துப்பாதேங்கோ."

"துப்பாட்டியும் பயந்துபோய் வந்து கூட்டிக்கொண்டு போவான்."

சிஞ்ஞோரா குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ரை தகப்பன் எத்தனை வயசுமட்டும் இருந்தவர்?"

"தொண்ணூற்றொண்டு, சிஞ்ஞோரா."

"தாய்?"

"ஊரிலை இருக்கிறா. நேற்றும் போனிலை என்னை ஏசினவ."

"அப்ப நீ துப்பு!"

எவ்வளவோ மறுத்தேன். வாய் காய்ந்துவிட்டது என்றும் சொல்லிப் பார்த்தேன். சிஞ்ஞோரா உள்ளே போய், ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த இனிப்புத் தட்டைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

குழாய் நிரம்பிவிட்டது.

பெட்டியின் மேல் அவருடைய பெயரை நானே எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை! தபாலிலும் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது. பூர்வீகம் எது என்றும் அதில் வருமாம்.

தன் தாயும் என்னைப்போல் யாழ்ப்பாணத்து ஆள் என்று வந்தால், அந்த மகன் இனி என்னை மாமா என்று கூப்பிடுவதுதானே முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.