தோற்பதற்கென்று ஒரு குழாய்

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, பொகவந்தலாவையில் சொந்தக் கடையும் ஒரு துண்டு தேயிலைக் காணியும் வாங்கியவன் நான். யார் தயவும் கிடையாது. அதனால் கண்டியில் பட்டத்துக்குப் படிக்கும் மகளின் ஆராய்ச்சியும் என் கொழுந்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

தேயிலையில் கஃபீனை உண்டாக்கும் ஒரு மரபணுவை அடக்குவது அவள் வேலை. அந்த மரபணு இலைக்குள் ஒரு செய்தி அனுப்புமாம். அதில் ஓரிடத்துக்கு எதிர்ப்பொருத்தமாக, இருபது மரபணு எழுத்தில் ஒரு துண்டை அவள் வடிவமைப்பாள். அது ஒட்டிக்கொண்டால் செய்தி அழிந்துவிடும்.

“இன்னும் நீளமாப் போடு புள்ள, நல்லாப் பிடிக்கும்.”

“நீளமாப் போட்டா வேற செய்தியிலயும் போயி ஒட்டிக்கும்ப்பா.”

ஒரே செடியில் பறித்த கொழுந்தை, காம்பு தண்ணீரில் நிற்க, என் வேனில் நானே கண்டிக்குக் கொண்டுபோனேன். ஆய்வுக்கூடத்தில் அவற்றைச் சின்னக் குழாய்களில் நிறுத்தினாள். ஒன்றில் அவளுடைய துண்டு கலந்த மருந்து. மற்றதில் அதே எழுத்துகளைக் கலைத்துப்போட்ட, எதிலும் ஒட்டாத துண்டு.

“தோத்துப் போறதுக்குன்னே ஒன்னு செஞ்சு வச்சிருக்கியா?”

“அது தோத்தாத்தான் என்னோடது ஜெயிச்சதுன்னு அர்த்தம்.”

மறுநாள் அவள் குழாயில் செய்தி பாதியாகக் குறைந்திருந்தது. கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மாலையில் போன் வந்தது. கலைத்த துண்டு போட்ட குழாயிலும் பாதிதான். மருந்து கூடிப்போய்க் கொழுந்தே வாடியிருக்கிறது. இதை வைத்து அவள் எதையும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்காமல் பட்டமும் இல்லை.

“அந்த ரெண்டாவது குழாயப் பத்திப் பேசாம விட்டுடு.”

“அப்புறம் உங்க கடை போர்டுல ‘நாட்டிலேயே சிறந்த தேயிலை’ன்னு எழுதுன கணக்காத்தான் இருக்கும்.”

காலையில் தேத்தண்ணிக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். “என்னா முதலாளி, மக தேயிலைய அடக்கிட்டாளாமே?”

“இன்னும் இல்ல. திரும்பச் செய்யிறா” என்றேன்.

செய்தி நேரான நூல் இல்லையாம். தனக்குள்ளேயே மடிந்து கிடக்குமாம். முதலில் அவள் குறிவைத்த இடம் மடிப்புக்குள் இருந்ததால்தான் அத்தனை மருந்து தேவைப்பட்டது. இந்த முறை கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கும் இடமாகத் தேடி, வேறெந்தச் செய்தியிலும் அந்த எழுத்து வரிசை இல்லை என்று பார்த்து, புதுத் துண்டு வடிவமைத்தாள். மருந்தையும் குறைத்தாள். நான் மறுபடி கொழுந்தோடு போய் நின்றேன்.

மறுநாள் வரை காத்திருந்தேன். அவளுடைய குழாயில் செய்தி குறைந்திருந்தது. கலைத்ததில் அசையவே இல்லை. இலையும் வாடவில்லை. கடைத்தெருவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.

“இருங்கப்பா. இன்னும் ரெண்டு மொற இப்பிடியே வரணும்.”

போனைச் சட்டைப்பையில் போட்டேன். “கொழுந்து எப்ப வேணும்?”

“செவ்வாக்கெழம.”

“வெள்ளனவே வந்து நிப்பேன்.”