ஒரு ஜாண் உயரத்தில் முதலுதவி

முதலுதவிச் சான்றிதழ் வாங்கிய ஏழு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு பேருக்கும் முதலுதவி தெரியாது. அந்த ஏழில் ஒருவன் நான்.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மேஜையில் இருக்கும் ஃபைலை அந்த மேஜைக்கு அனுப்ப வேண்டும், அது திரும்பி வந்தால் வேறு மேஜைக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: விருப்பமுள்ள ஏழு பேர் முதலுதவி கற்றுக்கொள்ள வேண்டும். யாருக்கும் விருப்பம் இல்லாததால் ஹெட்கிளார்க்கே விருப்பத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்.

ஆறு நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ரிக்கார்டு அறையில் வகுப்பு. பட்டணத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்தார். அந்த விசில் எதற்கென்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் அதை ஊதவும் இல்லை.

முதல் நாளே சிக்கல். நோயாளியாகத் தரையில் ஒருவர் படுக்க வேண்டும் என்றார். ஒருவர் தன் சலவை வேட்டியைக் காட்டினார். இன்னொருவருக்கு அந்த நிமிஷம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹெட்கிளார்க்கைப் படுக்கச் சொல்லும் துணிச்சல் காக்கிச் சட்டைக்கு இல்லை. கடைசியில் பியூனைக் கூப்பிட்டார்கள்.

பியூனுக்கு நாற்பது வயது இருக்கும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியிலிருந்து தினமும் நடந்து வருவார். அவர் அப்பா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் கூலி. சர்க்கார் உத்தியோகம் என்று பார்த்தவர் அந்தக் குடும்பத்தில் அவர்தான் முதல். அவர் கொண்டுவரும் ஃபைலை நாங்கள் கையில் வாங்க மாட்டோம். மேஜையில் வைக்கச் சொல்லி, அவர் நகர்ந்த பிறகு எடுப்போம். எங்கள் தண்ணீர்ப் பானைப் பக்கம் அவர் வரமாட்டார். வராதே என்று யாரும் வாயால் சொன்னதில்லை, நாங்கள் படித்தவர்கள் அல்லவா. தீண்டாமை குற்றம் என்ற சுற்றறிக்கை வந்தபோது அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டியவரும் அவர்தான். அவர் தள்ளிப் போன பிறகு கிட்டே போய்ப் படித்தோம்.

அந்த மனிதர்தான் ஆறு நாளும் எங்களுக்காகச் செத்துப் பிழைத்தார். கட்டுப் போடும் பாடத்தில் அவரே தன் காலில் கட்டிக்கொண்டார். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று சொன்னோம். நாடி பார்க்கும் பாடத்தில் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து எண்ணிச் சொன்னார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

தண்ணீரில் மூழ்கியவனைப் பிழைக்க வைக்கும் பாடம் நான்காம் நாள் வந்தது. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பக்கத்தில் மண்டியிட்டு, முதுகின் கீழ்ப்பாகத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து அழுத்தி விட வேண்டும். அந்தக் காலத்து முறை அது. இப்போது வேறு மாதிரிச் சொல்கிறார்கள். பியூன் குப்புறப் படுத்தார். ஒவ்வொருவராக மண்டியிட்டோம். கையை அவர் முதுகுக்கு ஒரு ஜாண் மேலே நிறுத்தி, காற்றை அழுத்தினோம். "அழுத்து... விடு... அழுத்து... விடு" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பயிற்சியாளர் தாளம் போட்டார். எங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்பதை அவர் பார்க்காமல் இல்லை. "முறை புரிஞ்சா போதும்" என்றார். அவரும் எங்களைப் போலப் படித்தவர்தானே.

ஏழு பேரும் முடித்ததும் தரையிலிருந்து குரல் வரும்: "ஆயிடுச்சா சாமி? ஏந்துக்கலாமா?"

"ம், எழுந்துக்கோ" என்பார் ஹெட்கிளார்க்.

ஏழு பேரும் தேறினோம். சான்றிதழ்களுக்குக் கண்ணாடி போட்டு ஹெட்கிளார்க்கின் தலைக்கு மேல் வரிசையாக மாட்டினார்கள். ஆயுத பூஜைக்கு அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சரமும் சாத்தினோம். அவற்றை மாட்ட ஆணி அடித்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தை மாதம் அலுவலகத்தோடு மகாபலிபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். புளியோதரைத் தூக்குகளைப் பஸ் வரை பியூன் தொடாமல், இரண்டு குமாஸ்தாக்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். ஜமக்காளமும் குடைகளும் மட்டும் அவர் தலையில். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபோது காற்று கிளம்பி, ஹெட்கிளார்க்கின் ஜரிகை அங்கவஸ்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அலையில் போட்டது.

"போப்பா, போய்ப் பிடி" என்றார்.

பியூன் ஏரியில் நீந்திப் பழகியவர். கடலில் அதுவரை கால் நனைத்ததுகூட இல்லை என்று வரும்போது பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். அங்கவஸ்திரத்தைப் பிடித்தும் விட்டார். அதை நனையாமல் தூக்கிப் பிடிக்கப் பார்த்த நேரத்தில் அலை அவரைப் புரட்டியது. நனைந்து போன துணியை நனையாமல் காப்பாற்றப் பார்த்தார் மனிதர். அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருந்தோம் நாங்கள்.

கரைக்கு வந்துகொண்டிருந்த கட்டுமரக்காரர் இருவர் குதித்து, அவரைத் தேடி எடுத்து, மணலில் குப்புறப் போட்டார்கள். போட்டுவிட்டு, அலையில் மிதந்து போய்க்கொண்டிருந்த தங்கள் மரத்தைப் பிடிக்க ஓடினார்கள். மூச்சு இல்லை. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது, வகுப்பில் திரும்பியிருந்த அதே பக்கம்.

கூட்டம் சேர்ந்தது. "தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே ஒரு அடி கிட்டே வந்தார்கள். ஒருவர் சோடா வாங்கிவர ஓடினார், தண்ணீர் குடித்தே சாகிற மனிதனுக்கு. இன்னொருவர் சாவிக்கொத்தை எடுத்து, கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்றார். கொடுக்கவில்லை, அதற்கும் அவர் கையைத் தொட வேண்டுமே, தூரத்திலிருந்து வீசினார். அது மணலில் விழுந்தது.

"யாரும் தொடாதீங்க. போலீஸ் கேஸ் ஆயிடும். முதல்ல கிராம முன்சீப்புக்கு ஆள் அனுப்புங்க" என்றார் ஹெட்கிளார்க். சான்றிதழ் வாங்கிய அத்தனை பேரும் தலையாட்டினோம். போலீஸ் மேல் எங்களுக்கு அன்றைக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதனால்தான் மண்டியிட்டேன், இரக்கத்தால் என்று பொய் சொல்ல மாட்டேன். கைகளை நீட்டினேன். "அழுத்து... விடு" என்று சத்தமாகவே சொன்னேன். நான்கைந்து தடவை சொன்ன பிறகுதான் பார்த்தேன். என் கைகள் அவர் முதுகுக்கு ஒரு ஜாண் மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கீழே போகச் சொன்னேன். போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், போகவில்லை.

மீன் கூடையோடு நின்றிருந்த ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, மந்திரிச்சிகினு கீறியா?"

"இல்லம்மா, இது முதலுதவி..."

"ஆளு சாவுறான், இவன் காத்த அமுக்கினு கீறான்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, கூடையை இறக்கி என் எதிரில் மண்டியிட்டாள். "எங்க அமுக்கணும், சொல்லு."

"விலாவுக்குக் கீழே, முதுகுல" என்றேன்.

என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, சொன்ன இடத்தில் ஓங்கி அழுத்தினாள். ஈரச் சட்டைக்குள் அவர் முதுகு ஜில்லென்று இருந்தது. எலும்பு கையில் தட்டியது. நான்கு வருஷமாக ஒரே கட்டடத்தில் இருந்த மனிதரை அன்றைக்குத்தான் முதல் முதலாகத் தொட்டேன், அதுவும் இன்னொருத்தி பிடித்துத் தள்ளி. எனக்கு அழுகை வந்தது. "அத அப்பால வச்சிக்க, அமுக்கு" என்றாள்.

அழுத்தினோம், விட்டோம். எத்தனை தடவை என்று தெரியாது. முதலில் வாயோரம் தண்ணீர் வழிந்தது. அப்புறம் நுரை. அப்புறம் ஒரு இருமல். என் கைக்குக் கீழே முதுகு தானாக ஒரு தடவை எழும்பித் தணிந்தது. ஹெட்கிளார்க்குக்குப் பக்கத்தில் நின்றவர், "பார்த்தீங்களா, முறை வேலை செய்யுது" என்றார்.

பியூன் கண்ணைத் திறந்தார். மணலில் ஒட்டிய கன்னத்தோடு, சுற்றி நின்ற எங்கள் கால்களைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. மண்டியிட்டிருந்த என்னுடையதையும் சேர்த்து ஏழு ஜோடியும் அவருக்குப் பழக்கமான கால்கள்தான்.

"ஆயிடுச்சா சாமி?" என்றார், காற்றாக. "ஏந்துக்கலாமா?"

என் கைகள் அவர் முதுகிலேயே இருந்தன. அந்தப் பெண் என் மணிக்கட்டுகளை இன்னும் விடவில்லை. விட்டால் எடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.