ஜெனரேட்டர் வண்டியோடு வந்த சிக்னல்

2023 ஆடியில் செங்கம்மாளின் ஊரில் செல்போன் டவர் எழும்பியது. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. யாரையும் நம்பாத பெண் என்று கல்வராயன் மலையில் அக்கம்பக்கம் எல்லாம் பெயர். தடுப்பூசி போட வந்த நர்சிடம், முதலில் நீ போட்டுக்கொள் என்றவர். ரேஷன் கடை கண்ணுசாமி கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காகப் பாறை ஏறினால், அரிசியில் கைவைக்கத்தான் இந்த நாடகம் என்று திட்டிக்கொண்டே பின்னால் ஏறுவார்.

டவர் வந்தும் பாறை ஏறுவது நிற்கவில்லை. டவர் கட்டிய ஒப்பந்தக்காரரின் ஜெனரேட்டர் வண்டி வரும் நாளில் மட்டும் சிக்னல் கிடைத்தது. செங்கம்மாள் அதைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. மழை, காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

போன மாதம் அதிகாரி மணிமொழி சோதனைக்கு வந்தார். டவர் ஓடுகிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் அரசு மானியத்தின் கடைசித் தவணை ஒப்பந்தக்காரருக்குப் போகும். போட்டுவிட்டால் அப்புறம் யாரும் மலையேறி வந்து பார்க்கப்போவதில்லை. வண்டி காலையிலேயே வந்திருந்தது. செங்கம்மாளின் கைரேகை கடை வாசலிலேயே பதிந்தது.

“இன்னாம்மா, இப்பவாவது நம்புறீங்களா?” என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள் ஜீவா.

“அந்த வண்டிய நிறுத்து. அப்பால சொல்றேன்.”

மணிமொழியும் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். சிக்னல் போகவில்லை.

“செங்கம்மாக்கா, டவர் நல்லாத்தான் கீது. ஒனக்குத்தான் இங்க லைன் கட்டு,” என்று கண்ணுசாமி நெற்றியைத் தொட்டுக் காட்ட, கூட்டம் சிரித்தது. ஜீவா பேனாவை நீட்டினார்.

“அவ்ளோ தூரம் வந்துட்டு பட்டினியா போவாதீங்க மேடம். சாமை அரிசிச் சோறு ஆக்கி வெச்சிகிறேன்,” என்றார் செங்கம்மாள்.

“நேரமாவுது மேடம். கையெழுத்து போட்டுட்டா கெளம்பிடலாம்,” என்றார் ஜீவா.

“சோறு துண்ண வுடாம அப்டி இன்னாய்யா அவசரம்?”

மணிமொழிக்கும் அந்த அவசரம் உறுத்தியது. பேனாவை வாங்காமல் உட்கார்ந்தார். மோர் ஊற்றும் நேரத்தில் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பாதிப் பேச்சில் அறுந்தது. திரும்ப வரவேயில்லை. ஜெனரேட்டர் நின்ற பிறகு டவரை ஓட்டிய பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. கரண்டு இணைப்பே இன்னும் வாங்கவில்லை என்று ஜீவா மெல்ல ஒப்புக்கொண்டார்.

தவணையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மின்கம்பம் நட இடம் அளக்க வருகிற செவ்வாய்க்கிழமை ஆட்கள் வருகிறார்கள். கம்பி செங்கம்மாளின் காட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.