கன்னி நாயும் டாங்கில் மீந்த மருந்தும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு எங்கள் கன்னி நாயின் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மகளை விடுதியிலிருந்து அழைத்துவர மனைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பியது மூன்று மணிக்கு. நான்கரைக்குப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள், ஐந்தரைக்கு வீடு வந்துவிடுவார்கள் என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதன் பின்தொடை தானாகத் துடிப்பதைப் பார்த்தேன்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒரே மகள். பத்தாவது முடித்ததும் அவளை நாமக்கல்லில் விடுதிப் பள்ளியில் சேர்த்தது என் முடிவு. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் சேர்த்தார்கள். நான் மட்டும் சேர்க்காமல் விட்டு, நாளைக்கு அவள் மார்க் குறைந்துபோனால் என்ன செய்வது என்ற பயம். அவள் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

"நாயி உங்க பொறுப்புங்கப்பா. ஆளுங்ககிட்ட விட்றக் கூடாது. நீங்கதான் பாக்கோணும்."

சரி சாமி என்றேன். அந்த நாயை அவள் எட்டாவது படிக்கும்போது கோவில்பட்டிப் பக்கம் போய் வாங்கிவந்தோம். கன்னி என்பது அந்தப் பக்கத்து நாட்டு நாய்ச் சாதி. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, கால்களிலும் அதே பழுப்பு. விடுதிக்குப் போகுமுன் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். காலையில் வெயில் ஏறுமுன் வேலி போட்ட காட்டில், அதாவது எங்கள் மேட்டுநிலத்தில், அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். வெறும் நடை போதாது. ஓடப் பிறந்த உடம்பு. ஓடிவந்த கையோடு சோறு வைக்கக் கூடாது. சாப்பிட்டதும் ஓடவும் விடக் கூடாது, வயிறு முறுக்கிக்கொள்ளும். கம்பங்களியும் தயிரும், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. முழங்கையில் சதை இல்லாததால் வெறும் சிமெண்டில் படுத்தால் புண்ணாகும், சாக்கு மடித்துப் போட வேண்டும். மார்கழியில் போர்வை.

மற்றதை நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது மோப்பத்தை நம்புகிற நாய் இல்லை. கண்ணை நம்புகிற நாய். நான்கு காடு தள்ளி ஒரு முயல் அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும். ஓட ஆரம்பித்துவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது. வேட்டைக்கென்றே உண்டான சாதி, ஆனால் வேட்டை இன்றைக்குச் சட்டப்படி குற்றம், அதனால்தான் வேலி. குரைப்பது அபூர்வம். வெளியாள் வந்தால் கடிக்காமல் ஒதுங்கிப்போய் நிற்கும். பழகினவர்களிடம்கூட வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மகள் ஒருத்தியிடம் மட்டும் தலையைக் கொண்டுபோய் அக்குளில் நுழைத்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

பண்ணைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஏனுங்க, கோழிப்பண்ண வெச்சிருக்கறீங்க, நாயிக்கு நாலு முட்டை போடறதுக்கு மனசு வரலீங்களா?" என்று ஒரு தீவன லாரி ஓட்டுநர் கேட்டார். இந்தச் சாதிக்கு இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆரோக்கியம் என்று அவருக்கு விளக்கினேன். உடம்பில் கொழுப்பு கிடையாது, தோல் காகிதம்போல மெலிசு என்றும் பெருமையாகச் சொன்னேன். வாயால் சொன்னேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அந்த வாரம் அதன் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி ஏறியிருந்தது. கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். கூட்டிவாருங்கள், எடைபோட்டுப் பார்த்து மாத்திரை தருகிறேன் என்றார். திங்கட்கிழமை போகலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில்தான், மகள் வந்ததும் முதலில் அதன் காதைத்தான் மடித்துப் பார்ப்பாள் என்று உறைத்தது. ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அன்று காலி ஷெட்டுக்குக் கோழிப்பேனைக் கொல்லும் பூச்சிமருந்து அடித்தோம். கிழட்டுக் கோழிகளை ஏற்றி அனுப்பிய பிறகு, அடுத்த குஞ்சு இறங்குமுன் கூண்டுக்கும் தரைக்கும் அடிப்பது வழக்கம். தெளிக்கிற டாங்கில் கொஞ்சம் மிஞ்சும். மீந்ததைக் கீழே கொட்டுவதில்லை. எருமையின் மேலே அடித்துவிடுவோம், உண்ணி உதிர்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் பல பண்ணைகளில் அப்படித்தான். எங்கள் எருமைக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்றும் எருமைக்கு அடித்துவிட்டு, இரண்டரை மணிக்கு, நாயைக் கட்டிப்போட்டு அதன் மேலும் அடித்தேன். காதுக்குள்ளும் அடித்தேன். அது ஓடப் பார்க்கவில்லை, தலை குனிந்துகொண்டு நின்றது. பிறகு நிழலில் போய்ப் படுத்து உடம்பை நக்க ஆரம்பித்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் இளங்கலை வேதியியல் படித்தவன். இதை எழுதும்போது அந்த ஒரு வரிதான் கூசுகிறது.

மூன்றரைக்கு மருத்துவரை அழைத்தேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் செத்துக்கொண்டிருப்பதாகவும், அங்கே இருப்பதாகவும் சொன்னார். நாயின் மேல் உண்ணிக்கு மருந்து அடித்ததைச் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், இங்கே தூக்கிவர முடியுமா என்று கேட்டார். கார் இல்லை. இருந்தது பைக். துடிக்கிற நாயை பைக்கில் எப்படி வைப்பது? முட்டை வண்டி ஓமலூருக்கு லோடு போயிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது மருத்துவர் தானே வருவதாகச் சொன்னார்.

கழுவினேன். மூன்று முறை கழுவினேன். நனைந்ததும் அது இன்னும் சிறுத்துப்போனது. விலா எலும்புகள் மொத்தமும் தெரிந்தன. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. நான்கு மணிக்கு மேல் எழுந்து நிற்க முயன்று இரண்டு முறை விழுந்தது. பிறகு வலிப்பு. படுத்தபடியே நான்கு கால்களாலும் ஓடியது. வேலிக்காட்டில் ஓடுவதுபோலவே, அதே வேகத்தில். நான் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிச்சொல்லிக் கூப்பிட்டேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்றுபோனது.

உடனே மனைவிக்குப் போன் செய்தேன். மகள் பெட்டியை எடுக்க மேலே போயிருந்தாள். நாய் செத்துவிட்டது, பாம்பு கடித்துவிட்டதாக அவளிடம் சொல் என்றேன்.

"எதுக்குங்க பொய்யி? நீங்க அடிச்ச மருந்துன்னு சொல்லிப்போட்டா என்னங்க?"

"பரீட்சை வருது. முடியற மட்டும்."

"பரீட்சைக்கா சொல்றீங்க, உங்களுக்கா?"

நான் போனை வைத்துவிட்டேன். ஆனாலும் மனைவி நான் சொன்னபடியே மகளிடம் சொன்னாள். அதற்காக இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. மகளும் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடப் போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள்.

அவர்கள் வருவதற்குள் நாயின் வாயைத் துடைத்தேன். உலர்ந்த சாக்கில் கிடத்தி, காலை மடக்கி, தூங்குவதுபோல வைத்தேன். பிறகு செய்ததுதான் கேவலம். பாம்புப் பல் பட்டதுபோல ஒரு கீறலாவது காலில் இருக்கிறதா என்று தேடினேன். முன்னங்காலில் வேலி முள் கிழித்த பழைய காயம் ஒன்று இருந்தது. அது மேலே தெரியும்படி காலைத் திருப்பி வைத்தேன்.

ஐந்தரைக்குக் கார் வந்தது. மகள் கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து காதை மடித்துப் பார்த்தாள். ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள். விஷம் இறங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றினேன் என்றேன். எங்கே கடித்தது என்றாள். காலைக் காட்டினேன். அந்தக் காயத்தின் மேலே விரலை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்க என்னங்கப்பா பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வாசலில் ஒரு பைக் நின்றது. மருத்துவர். வியர்த்துப்போயிருந்தார், பையைத் திறந்துகொண்டே உள்ளே வந்தார். சாக்கைப் பார்த்ததும் நின்றார். மகள் இருப்பதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. குனிந்து நாயின் கண்ணை விரலால் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஷெட்டுக்குக் கலக்கின மருந்த அப்படியேவா இது மேல அடிச்சீங்க?"