ஒரு பக்கத்துக் கைப்பிடி

கேட்டின் தாழ்ப்பாளுக்குக் கிரீஸ் தடவிய என் பேரன், கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அப்பா உருட்டித் தந்த ஒவ்வொரு கவளத்திலும் இதே வாடைதான்.

அப்பாவுக்குச் சரக்குப் பெட்டிகளைக் கழற்றிவிடும் வேலை. டணார் டணார் என்று மோதிக்கொள்ளும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே புகுந்து, அவற்றைப் பிணைக்கும் கொக்கியைக் கையாலேயே தூக்க வேண்டும். அங்கே பத்து விரலும் முழுதாக உள்ள ஆண்கள் குறைவு என்பதால், அவர் வீடு திரும்பியதும் அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பாள். பிறகு, வெளியே நின்றபடியே கொக்கியைத் தூக்க நீளக் கைப்பிடி வைத்த பெட்டிகள் வந்தன.

"இனிமே உள்ள போக வேணாம் புள்ள," என்றார் அப்பா, அம்மாவிடம். அன்றோடு அம்மா கையைப் பார்ப்பதை விட்டாள்.

ஆனால் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது. அந்தப் பக்கம் போவதற்கு நீண்ட வண்டியை முழுக்கச் சுற்ற வேண்டும், இஞ்சின் டிரைவரோ விசிலடித்து அவசரப்படுத்துவார். எல்லாரையும் போல அப்பாவும் பெட்டிகளுக்கு நடுவே குறுக்காக நுழைந்துதான் போவார். ஒரு மழை நாளில் அப்படி நுழைந்தவர் மறுபக்கம் வரவில்லை.

அதன்பின் கிள்ளானில் மாமா வீட்டில் ஒண்டியிருந்தபோது, ஒருநாள் அம்மாவும் நானும் ரயில் கேட்டில் நின்றோம். புதுப் பெட்டிகள் மெல்ல ஊர்ந்தன. இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, சந்தில் பார்த்தால் அந்தப் பக்கமும் ஒன்று.

"ரெண்டு பக்கமும் வெச்சிட்டான் பாரு," என்றாள் அம்மா.

கேட் திறந்து, சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் கடந்து போன பிறகும், அவள் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.