சித்தி மொட்டையடித்த பிளம்ஸ் மரம்

பிளம்ஸ் பழத்தைக் கடித்தால் முதலில் வருவது இனிப்பல்ல. தோலுக்கும் சதைக்கும் நடுவில் பதுங்கியிருக்கும் புளிப்பு, பல்லைக் கூசவைத்து, கண்ணைச் சுருக்கவைத்து, தாடையின் இரு பக்கமும் சுரீரென்று இழுத்த பிறகுதான், போனால் போகிறதென்று கொஞ்சம் இனிப்பைக் காட்டும். ஐம்பதுகளில் ஓசூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் 'பொறக்கடை'யில் காய்த்த பழத்துக்கு இந்தக் குணம் கூடுதலாகவே இருந்தது. அது காய்ப்பதற்குள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால், அந்தப் புளிப்பு நியாயம்தான் என்று தோன்றும்.

மரத்தைக் கொண்டுவந்தவள் சரோஜா சித்தி, என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. பெங்களூரில் வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில் தோட்டம் பார்த்தவரின் மகள். கல்யாணச் சீர்வரிசையோடு ஒரு தகர டின்னில் பிளம்ஸ் கன்றும் வந்து இறங்கியது. சித்தப்பாவுக்குப் பெங்களூரிலேயே தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். அத்தனை பேர் இருந்த எங்கள் வீட்டில், தன்னுடையது என்று சித்தி கைகாட்ட அந்த மரம் ஒன்றுதான் இருந்தது. அவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க பங்களாவுல கூடை கூடையா பறிப்போம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். மரமோ குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தளதளவென்று வளர்ந்து, ஓட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, வருஷா வருஷம் ஒரு பூகூடப் பூக்காமல் நின்று அவள் மானத்தை வாங்கியது.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. வேப்பனப்பள்ளிப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு இருந்ததால், மாமரத்துக்கு என்ன வைத்தியமோ அதுவே உலகத்திலுள்ள மரத்துக்கெல்லாம் வைத்தியம் என்பது அவர் கட்சி. மரத்தடியில் சருகை மூட்டிப் புகை போட்டார். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை அடித்ததே தவிர மரம் மசியவில்லை. அந்த இடத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை போட்டால் தேவலாம் என்று அவர் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

எங்கள் பக்கம் காய்க்காத மரத்தை மிரட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு "வெட்டிப்புடுவேன்" என்று கத்துவார். இன்னொருவர் குறுக்கே வந்து, "வேணாங்க, வர்ற வருசம் காய்ச்சிரும், உட்ருங்க" என்று மரத்துக்காகப் பரிந்து பேச வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்கிற மரம் பயந்துபோய்க் காய்க்குமாம். கார்த்திகையில் ஒரு காலை பெரியப்பா கோடாலியை ஓங்கினார். குறுக்கே வரவேண்டியவள் என் அம்மா. அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தி ஓடிவந்து, "பேடா மாமா, பேடா!" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்திலேயே சொல்லித் தடுத்துவிட்டு, "வர்ற வருசமெல்லாம் எதுக்கு? இந்தக் கோடையிலயே காய்க்கும். காய்க்கலேன்னா நெசமாவே வெட்டிக்குங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள். ஒப்புக்குப் பேசவேண்டிய இடத்தில் உண்மையாகவே பேசிவிட்டாள். பெரியப்பா கோடாலியை இறக்கி, "சரிம்மா" என்றார். அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான், யார் வந்து கெஞ்சினாலும் மாறாது.

அதற்குப் பிறகு சித்தி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தாள். வீட்டில் அத்தனை பேரும் குளித்த தண்ணீர் பன்னிரண்டு மாதமும் அதன் வேரிலேயே போய் நின்றுகொண்டிருந்தது. பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கி எழுந்தால்தான் பூக்கிற சாதி அது. நாங்கள் அதைத் தூங்கவே விடவில்லை. தண்ணீர் விட்டுச் செல்லம் கொடுத்து வளர்த்ததை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சித்தி வாய்க்காலைப் பூசணிப் பாத்திக்குத் திருப்பினாள். மண்வெட்டியால் அடிமரத்தைச் சுற்றிக் குழி பறித்து வேரை வெயிலுக்குக் காட்டினாள். பட்டையில் பிசின் வழிந்த இடங்களைச் சுரண்டி, சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாள். மார்கழி பிறந்ததும் ஏணி போட்டு ஏறி, உதிராமல் அடம்பிடித்த பச்சை இலைகளை ஒன்று விடாமல் உருவிப்போட்டாள்.

"நாலு பேரு வாழற வூட்ல பச்ச மரத்துக்கு மொட்ட போடறாளே" என்று அம்மா அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டாள். ஓசூர் மார்கழி அப்போது மார்கழியாக இருந்தது. கிணற்றடிக்குப் போனால் எதிரே நிற்பவர் தெரியாத மூடுபனிக்குள் அந்த மரம் வேரும் கிளையும் அம்மணமாக நின்றுகொண்டிருக்கும். செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினோம். சித்தி மட்டும் ஒருநாள் வேரை மூடி, எரு வைத்து, நிறையத் தண்ணீர் விட்டாள்.

தை முடிவதற்குள் மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. இலை ஒன்றுகூட இல்லை, வெறும் பூ. அந்த அழகை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. ஆனால் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. முதலில் விரிந்த பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் வாடி வாடி உதிர்ந்தன. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சித்தி அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து முகத்தைக் கழுவினாள். அவள் அப்பா பார்த்த பங்களாத் தோட்டத்தில் பிளம்ஸ் எப்போதும் இரண்டு ரகமாக, அக்கம்பக்கமாகத்தான் நின்றதாம். எதற்கென்று அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒரு ரகத்தின் பூ பிஞ்சு பிடிக்க இன்னொரு ரகத்தின் மகரந்தம் வேண்டும் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

கடைத்தெருவில் புளி வியாபாரம் செய்த பாய் வீட்டில் வேறு ரகப் பிளம்ஸ் மரம் ஒன்று இருந்தது. பாயின் மனைவி ஃபாத்திமா அம்மாவிடம் போய், பூவோடு நாலு கிளை வேண்டும் என்று சித்தி கேட்டபோது நானும் கூட இருந்தேன். பூத்த கிளையை வெட்டினால் அந்தக் கிளையின் பழம் போய்விடும் என்று தெரியாதவரா அவர்? "நாலு கிளையில என்னா வந்துரப்போவுது? எது நல்லா பூத்திருக்கோ அதப் பாத்து வெட்டிக்கம்மா" என்று அரிவாளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். கேட்டவளைவிடக் கொடுத்தவர் ஒரு படி மேலே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

மண் கலயங்களில் தண்ணீர் ஊற்றி, அந்தக் கிளைகளைச் செருகி, உறியில் வைத்து எங்கள் மரம் முழுக்கத் தொங்கவிட்டாள். "என்னாம்மா, மாப்பிள வூட்டுக்காரங்க வந்து எறங்கிட்டாங்களா?" என்று பெரியப்பா கேலி செய்தார். தேனீக்கள் அந்தக் கேலியைப் பொருட்படுத்தாமல் கலயத்துக்கும் கிளைக்குமாகப் பறந்தன. கடைசியாக விரிந்த பூக்களில் பிஞ்சு நின்றது. கிளிகளுக்குப் பயந்து சித்தி தன் பழைய சேலைகளை மரத்தின் மேல் போர்த்தினாள். வைகாசியில் பறித்தபோது பழம் ஒரு முறத்தை நிறைக்கவில்லை. அதில் பாதி ஃபாத்திமா அம்மா வீட்டுக்குப் போனது. பெரியப்பா ஒன்றைக் கடித்து, கண்ணை இறுக மூடி, "பயங்கரமா புளிக்குதே" என்றவர், இன்னொன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, வீட்டின் மறுபக்கம் கொட்டகைக்கு முளைக்குச்சி அடிக்கப் போனார்.

இன்று அந்த இடத்தில் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் மூன்று மாடி வீடு நிற்கிறது. பாய் வீட்டு மரமும் இல்லை. மார்கழியில் மின்விசிறி போட்டுக்கொள்கிறோம். கடைசிக் காலத்தில் சித்தி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, அந்த மொட்டை மரத்தைப் பார்த்து உனக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

"பயமில்லாம என்ன? அந்த மார்கழி பூரா என் பெட்டி கட்டியேதான் இருந்துச்சு. மரத்த வெட்டியிருந்தா அன்னிக்கே பெங்களூர் பஸ் ஏறியிருப்பேன். மறுபடி உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்" என்றாள், மிகச் சாதாரணமாக.

நாங்கள் எல்லோரும் மரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.